கொம்பு முளைத்த ‘லை’

என் நாத்தனார் வாயைத் திறந்தால் கடல்தான் வரும். சாப்பிட உட்கார்ந்தாலும் கடல், பேருந்துக்கு நின்றாலும் கடல். கடல் எந்தக் காலத்தில் எங்கெங்கே ஊருக்குள் புகுந்தது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. பட்டம் இன்னும் கைக்கு வரவில்லை, ஆனால் வீட்டில் எல்லாருக்கும் அவள் டாக்டரம்மா. கிண்டலுக்கு ஆரம்பித்தது அப்படியே ஒட்டிக்கொண்டது.

நான் நகர நூலகத்தில் மின்னூல் பிரிவுக்குப் பொறுப்பு. எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே உட்கார்ந்திருக்கும் என்று என் கணவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். பொய் சொல்கிறார் என்று சொல்ல முடியாது.

ஆனால் என் பிரிவைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள், வாயெல்லாம் பல்லாகிவிடும். முன்பு பழைய செய்தித்தாள் வேண்டுமென்றால் முகமூடி கட்டிக்கொண்டு, தும்மிக்கொண்டு, மாதக்கணக்கில் புரட்ட வேண்டும். தொட்டால் பாதி தாள் கையோடு வந்துவிடும். இப்போது அலமாரி இருந்த இடத்தில் கறுப்புத் துணி போட்ட மேஜை, இரண்டு பக்கமும் விளக்கு, மேலே கேமரா. ஒரு பழைய நாளிதழை முதல் இதழிலிருந்து நின்றுபோன இதழ் வரைக்கும் படம் பிடித்துவிட்டோம். படத்தைப் பார்த்து எழுத்தாக மாற்ற எழுத்துணரி என்று ஒரு மென்பொருள். தேடல் பெட்டியில் ஒரு சொல்லைப் போட்டால் அந்தச் சொல் இருக்கும் பக்கமெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். என் நூலகத்துக்கு வருகிறவர்களைவிட வராதவர்கள்தான் இப்போது அதிகமாகப் படிக்கிறார்கள். டாக்சி ஓட்டுகிறவர் சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில் படிக்கிறார், கைக்குழந்தைக்காரி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு கையால் படிக்கிறாள். இதைவிட எனக்கு என்ன வேண்டும்?

அந்த வாரம்தான் புதிதாக ஒரு வசதி வந்திருந்தது. பட்டனை அழுத்தினால் கம்ப்யூட்டரே பக்கத்தை வாய்விட்டுப் படிக்கும். அதை டாக்டரம்மாவுக்குக் காட்டிப் பெருமையடித்துக்கொள்ள எனக்கு இருப்பே கொள்ளவில்லை.

அவளோ முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள். விஷயம் இதுதான். கடலை ஒட்டிப் பழைய ஆலை மைதானம் என்று ஒரு பள்ளமான வெற்று நிலம். எப்போதோ அங்கே எண்ணெய் ஆலை இருந்ததாம், இன்று ஒரு செங்கல்கூட மிச்சமில்லை. அங்கே புதிய பள்ளிக்கூடம் கட்டப்போகிறார்கள். என் மகளின் வகுப்பும் அங்கேதான் போகும். டாக்டரம்மா அந்த மைதானத்தில் குழி தோண்டிப் பார்த்தபோது அடியில் கடல் மணல் கனமாகக் கிடந்தது. கடல் ஒருமுறை இதற்குள் வந்திருக்கிறது, பள்ளியை மேட்டில் கட்டுங்கள் என்று கட்டடக் குழுவிடம் போய் நின்றாள். “மணலை லாரியிலகூடக் கொண்டுவந்து கொட்டியிருக்கலாம்மா. எழுத்துல ஏதாவது இருந்தா கொண்டா” என்று குழுத் தலைவர் அனுப்பிவிட்டார். வெள்ளிக்கிழமை கடைசிக் கூட்டம். அதற்குள் எதுவும் சிக்காவிட்டால் அடுத்த வாரமே அஸ்திவாரம்.

“முகத்த அப்பறம் தொங்கவிட்டுக்கலாம், முதல்ல இதக் கேளு” என்று ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து பட்டனை அழுத்தினேன். ஒரு பெண் குரல் கணீரென்று ஆரம்பித்தது.

“இவ்வாண்டு மழை போதவில்லே. விவசாயிகளுக்கு வேலே இல்லே. அரிசி விலே ஏறுகிறது.”

டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். “என்ன அண்ணி இது, நம்ம வீட்டு ஆளு மாதிரியே பேசுது! வேலே இல்லேங்குது!”

“பின்ன? என் கம்ப்யூட்டர்னா சும்மாவா? இலக்கணமா பேசி யாரையும் பயமுறுத்தாது” என்று நானும் சேர்ந்து சிரித்தேன். அதற்குமேல் யோசிக்கத் தோன்றவில்லை.

சிரித்து முடித்துத் தேட உட்கார்ந்தோம். ‘கடல்’ என்று போட்டாள். ஆயிரக்கணக்கில் கொட்டியது. கடல் வணிகம், கடல் பயணம், கடல் காற்று வாங்கப் போன மேலதிகாரி. அதில் மூழ்கினால் அவள் கிழவியாகித்தான் எழுந்திருப்பாள். ‘அலை’ என்று போட்டாள். முடிவுகள் எதுவும் இல்லை என்று வந்தது. ‘பேரலை’யும் இல்லை. சரி, இடத்தைக் கொண்டு பிடிப்போம் என்று ‘ஆலை’ என்று போட்டாள். அதுவும் இல்லை. ‘மழை’ என்று போட்டால் மட்டும் கொட்டோ கொட்டென்று கொட்டியது.

“என்னடி இது, இந்த ஊர்ல மழ மட்டும்தான் பெஞ்சுதா?” என்றேன்.

மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். வேறு வேறு சொல்லைப் போட்டுப் பார்த்தாள். அலையும் இல்லை, ஆலையும் இல்லை. வியாழக்கிழமை மத்தியானம் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள். கண் கலங்கியிருந்தது.

“விடுங்க அண்ணி. அத்தன வருஷத்துப் பேப்பர் மொத்தமும் இதுக்குள்ள இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? இது இல்லன்னு சொன்னா இல்லதான். நான்தான் வராத கடலத் தேடிட்டிருக்கேன். அவங்க எங்க வேணா கட்டிக்கட்டும்.”

“எங்க வேணா கட்டிக்கட்டுமா? அங்க போகப்போறது என் பொண்ணுடி!”

“அப்ப உங்க கம்ப்யூட்டரையே கேளுங்க! அதுக்குத்தான் எல்லாம் தெரியுமே!”

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. அவள்மேல் கோபமா, கம்ப்யூட்டர்மேல் கோபமா என்று கேட்டால் தெரியாது. “எதக் கேட்டாலும் இல்ல, எதக் கேட்டாலும் இல்ல! இந்தா, இதையாவது வச்சிருக்கியா சொல்லு” என்று திட்டிக்கொண்டே, வீம்புக்கு, தேடல் பெட்டியில் ‘இல்லை’ என்றே தட்டினேன்.

முடிவுகள் எதுவும் இல்லை.

நம்பாமல் இன்னொரு தடவை தட்டிப் பார்த்தேன். பிறகு பையை மாட்டிக்கொண்டு கிளம்பியவளின் கையைப் பிடித்து இழுத்தேன்.

“ஏய், இங்க பாரு. அத்தன வருஷமா ஒரு பேப்பர் ‘இல்லை’ங்கற சொல்லே இல்லாம வந்திருக்குமா? பஞ்சம் வந்திருக்கு, தேர்தல் வந்திருக்கு, ஒருத்தன்கூடவா ஒரு தடவகூட இல்லைன்னு சொல்லல?”

அவள் முகம் மாறியது. “அண்ணி... அன்னிக்கு அது எப்படிப் படிச்சுது?”

“இல்லேன்னு படிச்சுது.”

“வேலே இல்லேன்னு!”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மவுஸுக்குக் கை நீட்டினோம். அன்றைக்குச் சிரித்த அதே பக்கத்தைத் திறந்து, எழுத்தை விட்டுவிட்டுப் படத்தைப் பெரிதாக்கினேன். அடக் கடவுளே! பழைய அச்சு! அந்தக் காலத்தில் ‘லை’ எழுதுவதற்கு இப்போது போல முன்னால் தனியாகக் குறி போட மாட்டார்கள். ல-வின் தலைமேலேயே யானைத் துதிக்கை மாதிரி ஒரு சுழிப்பை ஏற்றிவிடுவார்கள். ணை, னை, லை, ளை நான்குக்கும் அப்படித்தான். ‘ழை’க்குத் துதிக்கை கிடையாது, அதனால்தான் மழை மட்டும் நனையாமல் வந்து சேர்ந்தது. இந்தக் கால எழுத்தை மட்டும் படித்துப் பழகிய என் எழுத்துணரி துதிக்கையைக் கண்டதே இல்லை. கண்டவுடன் கொம்பு என்று முடிவுகட்டி, லை எல்லாவற்றையும் லே ஆக்கி வைத்திருக்கிறது.

“லை-க்குக் கொம்பு முளைச்சிடுச்சு!” என்று கத்தினேன்.

“போடுங்க அண்ணி, போடுங்க! அலே! ஆலே!”

‘அலே’ என்று தட்டினேன். பக்கம் பக்கமாக வந்து இறங்கியது. கூடவே ‘ஆலே’யையும் சேர்த்தேன். சலித்துச் சலித்துக் கடைசியில் சில பக்கங்கள்தான் நின்றன. டாக்டரம்மா முதல் பக்கத்தைத் திறந்தாள், இரண்டு வரி படித்தாள், “வந்திருக்கு அண்ணி! கடல் வந்திருக்கு!” என்று குதித்தாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு குதித்தேன். நான்தான் அந்த நூலகத்தில் எல்லாரையும் அடக்கி வைக்கிறவள். வாசிப்பு அறையிலிருந்து ஒரு பெரியவர் எட்டிப் பார்த்து, என்னைப் பார்த்து “உஷ்” என்றார். என் பிழைப்பு இப்படியா ஆக வேண்டும்? ஆகட்டும் என்று இன்னொரு குதி குதித்தேன்.

அப்புறம் உட்கார்ந்து செய்தியை முழுசாகப் படித்தோம். படித்து முடித்தபோது குதிக்கத் தோன்றவில்லை.

“இந்தப் பக்கத்த மட்டும் இப்பவே சரி பண்ணித் தந்துடறேன்” என்றேன்.

“தொடாதீங்க. இத்தன நாளா ஏன் யாருக்கும் கிடைக்கலன்னு அவங்களுக்கும் புரியணும். அதே குரல்ல அப்படியே பேசட்டும்” என்றாள்.

வெள்ளிக்கிழமை நானும் போனேன். நீளமான மேஜை, மேஜை நிறையத் தண்ணீர் பாட்டில், சுவரில் புதிய பள்ளியின் அழகான வரைபடம். டாக்டரம்மா பழைய பக்கத்தின் படத்தைத் திரையில் காட்டி, துதிக்கையையும் கொம்பையும் விளக்கினாள். குழுத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “எழுத்துப் பாடம் போதும்மா, செய்திய சொல்லு” என்றார். அவள் பட்டனை அழுத்தினாள்.

“நேற்று மாலே ஆளுயரத்துக்கு மேற்பட்ட அலே ஒன்று கரையைக் கடந்து ஆலேக்குள் புகுந்தது.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். “மாலே, அலே, ஆலே! பாட்டா பாடுது?” என்றார் ஒருவர். சிரிப்பு மேஜையைச் சுற்றி வந்தது. தலைவரும் சிரித்தார். டாக்டரம்மா சிரிக்கவில்லை, நிறுத்தவும் இல்லை. குரல் அதே கணீருடன் படித்துக்கொண்டு போனது.

“அது வேலே முடியும் வேளே. தாய்மார்களே அழைத்துப்போகப் பிள்ளேகள் வாசலில் கூடியிருந்தனர். உள்ளே இருந்த பெண்களிலும் வாசலில் நின்ற பிள்ளேகளிலும் ஒருவரும் திரும்பவில்லே.”

சிரித்தவர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, படத்தில் அந்த வரி எங்கே இருக்கிறது என்று காட்டச் சொன்னார். டாக்டரம்மா விரலை வைத்துக் காட்டினாள். அவர் வாய்க்குள்ளேயே எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“திரும்பவில்லை” என்றார். பிறகு எழுந்து போய்ச் சுவரில் இருந்த வரைபடத்தைத் தானே கழற்றினார். “மேட்டு நிலத்துக்குப் புதுசா ஒண்ணு போடச் சொல்லுங்க” என்றார்.

வெளியே வந்ததும் டாக்டரம்மா என் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள். சந்தோஷம்தான், ஆனாலும் அழுதாள். நானும் அழுதேன்.

எங்கள் பிரிவில் இப்போது திருவிழாக் கூட்டம். எழுத்துணரிக்குத் துதிக்கையைக் கற்றுக்கொடுக்கிறோம். இது லை, இது னை என்று பக்கம் பக்கமாகக் காட்டிக்கொடுக்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் சேர்ந்திருக்கிறார்கள். அந்த டாக்சிக்காரர் சவாரிக்குச் சவாரி திருத்தி அனுப்புகிறார். மலை, கலை, சிலை, தலைவர், எத்தனை பேர் லே-க்குள் ஒளிந்திருந்தார்கள் என்கிறீர்கள்! சிலைகளைத் தேடி வந்து ஒன்றும் கிடைக்காமல் போன பேராசிரியரைக் கூப்பிட்டு, “உடனே வாங்க சார், உங்க சிலை எல்லாம் முழிச்சிக்கிச்சு” என்றேன். சொன்ன வேகத்தில் வந்து நின்றார். அந்த ஒரு பக்கத்தை மட்டும் நான் யாரிடமும் கொடுக்கவில்லை. பிள்ளேகளைப் பிள்ளைகள் என்று என் கையால்தான் திருத்தினேன்.

பள்ளிக்கூடம் மேட்டில் எழும்பிவிட்டது. முதல் நாள் என் மகள் பாதி ஏற்றத்தில் நின்றுகொண்டாள். கீழே பழைய ஆலை மைதானம் வெயிலில் வெறுமனே கிடந்தது, அதற்கு அந்தப் பக்கம் கடல்.

“அத்தை சொல்லித்தான் இவ்ளோ மேல கட்டினாங்களாமே. தினமும் ஏறணுமா? கால் வலிக்குதும்மா” என்று சிணுங்கினாள்.

“வலிக்கட்டும். ஏறுடி” என்று முதுகில் கை வைத்துத் தள்ளினேன்.