ராணி வைத்த மீசை

புருஷோத்தமன் மீசை வைத்தது வீரத்துக்காக அல்ல, கல்யாணத்துக்காக. செகந்திராபாத் ரயில்வே ஆபீசில் சரக்குப் பிரிவு குமாஸ்தாவான அவன், வருஷமெல்லாம் மூட்டைக் கணக்கு எழுதுவான். வருஷத்துக்கு ஒருமுறை ரயில்வே இன்ஸ்டிட்யூட் மேடையில் ராணி சந்திரவதனாவாகப் புடவை கட்டிக்கொண்டு அழுவான். நன்றாகவே அழுவான். நிஜாம் சமஸ்தானத்தில் இவ்வளவு அழகாக அழுகிற ஆண்பிள்ளை வேறு கிடையாது என்று அங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் மெச்சிக்கொண்டன. பெண் தேட ஆரம்பிக்கிற வரைக்கும் அவனுக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

மெட்டுகுடா குவார்ட்டர்ஸில் ஒர்க்‌ஷாப் ஃபிட்டர் குணசேகரனின் மகள் கமலத்தைப் பார்க்கப் போனான். பார்த்த கணத்தில் மூட்டைக் கணக்கெல்லாம் மறந்துபோயிற்று. கமலத்துக்கும் அவனைப் பிடித்திருந்தது. ஆனால் உள்ளே போனவள் அத்தை மூலம் ஒரு நிபந்தனை சொல்லி அனுப்பினாள். மாப்பிள்ளை மீசை வைக்கவேண்டும். குழாயடியில் பெண்கள், "ராணியம்மா எப்போ வந்து தாலி கட்டப்போறாங்க?" என்று கேட்டு அவள் மானத்தை வாங்குகிறார்களாம்.

நியாயமான நிபந்தனைதான். புருஷோத்தமன் அன்றைக்கே சவரக்கத்தியைப் பரண்மேல் போட்டான். மீசையும் அவன் அவசரம் தெரிந்து மளமளவென்று வளர்ந்தது.

அதைப் பார்த்து வயிறெரிந்தவர் ஹெட் கிளார்க் ரகுநாதய்யர். நாடகத்தை எழுதியவர் அவர், நடத்துகிறவர் அவர், ஐம்பது வயதுத் தொப்பையோடு ராஜாவாக வருகிறவரும் அவர். அவருக்கு ஒட்டுமீசை. மூன்றாவது காட்சியில் அது கட்டாயம் ஒரு பக்கம் தொங்கும். இந்த வருஷம் புதிதாக வந்த துரை தலைமை தாங்குவதாக ஏற்பாடு. ரயில்வேயில் வேலை செய்கிறவர்கள்தான் அந்த மேடையில் ஏறலாம் என்பது விதி. ராணிக்கு வேறு ஆளே இல்லை.

"ஓய், நாளைக்கு ஒத்திகை. அந்தக் கண்றாவியை வழிச்சுண்டு வந்து சேரும்."

"முடியாது சார். எனக்குக் கல்யாணம் கூடி வருது."

அய்யர் மேஜையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். நாடகத்தில் ராஜா ராணியைச் சந்தேகப்பட்டு, 'நீயாகப் போகிறாயா, அல்லது நான் துரத்தட்டுமா?' என்று கர்ஜிக்கும் இடம் ஒன்று உண்டு. பல வருஷப் பழக்கம், ஆபீசிலும் அதே குரல் வந்துவிட்டது.

"நீராகப் போகிறீரா, அல்லது நான் துரத்தட்டுமா?"

புருஷோத்தமனுக்கும் பல வருஷப் பழக்கம். காலில் விழப்போனவன் மேஜை விளிம்பைப் பிடித்துச் சமாளித்துக்கொண்டான். அய்யர் சொன்னதன் பொருள் இதுதான்: மீசையை எடுக்காவிட்டால் சனிக்கிழமைக்குள் ராஜினாமா எழுதித் தரவேண்டும், நல்ல சர்டிபிகேட் கிடைக்கும். அதுவும் மாட்டேனென்றால் கீழ்ப்படியாமைக்காக டிஸ்மிஸ்.

அன்று சாயங்காலம் இரானி ஹோட்டலில் டைப்பிஸ்ட் ஆரோக்கியசாமியிடம் யோசனை கேட்டான். ஆரோக்கியசாமி செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவன்.

"நக்கோ பாய், டிஸ்மிஸ் நக்கோ, வேணவே வேணாம். அப்புறம் எந்தக் கம்பெனிக்காரனும் வாசல்லகூட நிக்க விடமாட்டான். ராஜினாமா குடுத்துட்டுத் தலைய நிமித்திக்கிட்டு வெளிய வா."

"தலைய நிமித்திக்கிட்டு எங்க போறது?"

ஆரோக்கியசாமி இன்னொரு டீ சொன்னான்.

ஊர்வாய் போய்ச் சேருவதற்குள் தானே சொல்லிவிடலாம் என்று புருஷோத்தமன் மெட்டுகுடாவுக்கு நடந்தான். குணசேகரன் கையில் இருந்த கிரீசைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"இதோ பாரு தம்பி. நீயா வேலைய உட்டன்னா நான் பொண்ணு குடுக்க மாட்டேன். இன்னிக்கு வேலைய உட்டவன் நாளைக்கு எம் பொண்ணயும் உட்டுட்டுப் போவான். அவனுங்களா தள்ளுனா அது வேற. அதுக்கு நீ இன்னா பண்ணுவ?"

"அப்போ டிஸ்மிஸ் ஆனா பரவாயில்லையா மாமா?"

"வேற வேல தேடிக்கலாம். கையும் காலும் கீதில்ல."

கதவுக்குப் பின்னாலிருந்து கமலத்தின் குரல் வந்தது. "மீசைய மட்டும் எடுக்க வேணாம்னு சொல்லுங்கப்பா."

அந்தக் குரலுக்காக அவன் ரயிலையே தோளில் தூக்கிக்கொண்டு நடந்திருப்பான். சனிக்கிழமை காலை நேராக அய்யர் முன்னால் போய் நின்றான்.

"சார், என்னை டிஸ்மிஸ் பண்ணிடுங்க."

அழுகையை எதிர்பார்த்திருந்த அய்யருக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீம்புக்குக் காகிதத்தை எடுத்தார். டிஸ்மிஸ் என்றால் துரை கையெழுத்துப் போடவேண்டும், காரணம் எழுதவேண்டும். கீழ்ப்படியவில்லை என்று எழுதினார். எந்த உத்தரவுக்கு? மீசையை எடுக்கச் சொன்ன உத்தரவுக்கு. பேனா அங்கேயே நின்றது. துரையின் மீசை, முதுகுப் பக்கமிருந்து பார்த்தாலே இரண்டு முனையும் தெரியும். சரக்குக் குமாஸ்தா எதற்கு மீசையை எடுக்கவேண்டும் என்று அவர் கேட்டால், ராணியாவதற்கு என்றா சொல்வது? அய்யர் காகிதத்தைக் கிழித்துப்போட்டார்.

"கௌரவமா ராஜினாமா எழுதிக் குடுத்துடுமேன், ஓய்."

"முடியாது சார். நீங்களே துரத்துங்க."

அன்றிலிருந்து தினமும் காலையில் புருஷோத்தமன் வந்து தன்னைத் துரத்தச் சொல்லிக் கேட்பதும், அய்யர் அவனைத் தானாகப் போகச் சொல்லிக் கெஞ்சுவதுமாக ஆபீஸ் நடந்தது. வெளியே அவன் விறைப்பாக இருந்தானே தவிர, உள்ளுக்குள் ஒரே கவலைதான். துரை கையெழுத்துப் போட்டுவிட்டால் வேறு வேலை யார் கொடுப்பார்கள்?

நாடக நாள் வந்தது. ராணியின் வசனம் முழுக்கத் தெரிந்த ஆள் இன்னும் ஒருவர்தான் இருந்தார், எழுதியவர். வேறு வழியில்லாமல் ரகுநாதய்யரே புடவை கட்டிக்கொண்டார். லாட் பஜாரில் வாங்கிய அரக்கு வளையல்கள் அவர் கையில் ஏற மறுத்தன. ஆரோக்கியசாமி சோப்பைத் தடவி ஏற்றினான். ராஜா வேஷம் புருஷோத்தமனுக்கு. மீசை ஒட்டுகிற வேலை மிச்சம்.

துரை முன்வரிசையில். பெண்கள் பக்கத்தில் கமலம், சுற்றிலும் குழாயடிக் கூட்டம். மூன்றாவது காட்சியில் ராணி ராஜாவின் காலடியில் விழுந்தாள்.

"நீயாகப் போகிறாயா, அல்லது நான் துரத்தட்டுமா?"

பின்வரிசைக் குமாஸ்தாக்கள் விசிலடித்துக் கொட்டகையைப் பிளந்துவிட்டார்கள். என்னவோ பெரிய கட்டம் போலிருக்கிறது என்று துரையும் கைதட்டினார். கீழே கிடந்த அய்யருக்கு வசனம் சுத்தமாக மறந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் புருஷோத்தமனுக்குக் கோபமெல்லாம் கரைந்துபோய்ப் பாவமாக இருந்தது. குனிந்து மீசைக்கடியில் முணுமுணுத்தான்.

"'எங்கே போவேன் நாதா'ன்னு சொல்லுங்க சார்."

"எங்கே போவேன், நாதா?" என்றார் அய்யர். தான் எழுதிய வரி என்ன கேட்கிறது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். நிஜமாகவே அழுதார். பெண்கள் பக்கம் முழுக்க மூக்கைச் சிந்தியது. கமலம் மட்டும் ராஜாவின் மீசையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை புருஷோத்தமன் வழக்கம்போல் மேஜை முன்னால் போய் நின்றான். "சார், டிஸ்மிஸ்..."

"போய் மூட்டைக் கணக்கைப் பாரும்." கண்ணோரத்தில் மை இன்னும் போகாமலிருந்த அய்யர், அவன் நாலடி போனதும் திரும்பக் கூப்பிட்டார், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அடுத்த வருஷமும் ராணி நான்தான். வேற எவனாவது அந்த வேஷத்தைக் கேட்டான்னா, நான் ராஜினாமா பண்ணிடுவேன். சொல்லிட்டேன்."

அவருடைய கோட்டுக் கைக்குள்ளே அந்த அரக்கு வளையல்கள் இன்னும் கழலாமலே கிடந்தன.