கிடங்கைவிட்டு விலகிய வீடுகள்

மேட்டுக்கரைப்பட்டியில் எண்ணெய்க் கிடங்கைவிட்டு முதலில் நகர்ந்துபோனது சோலைமுத்துவின் வீடு. 1998 ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை விடிந்தபோது, அது தன் இடத்திலிருந்து ஒரு மாட்டுவண்டி திரும்பும் அளவுக்குக் கிழக்கே தள்ளி நின்றது. உள்ளே தூங்கியவர்கள் யாரும் விழிக்கவில்லை. அடுக்கி வைத்த பானைகளில் ஒன்றுகூடச் சரியவில்லை. சோலைமுத்து பல் விளக்க வெளியே வந்தபோது துவைகல்லைக் காணவில்லை. அது பழைய இடத்திலேயே, கிடங்கின் மதிலோரம் தனியாகக் கிடந்தது. அவன் பெண்டாட்டி அய்யம்மாள் வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள், பிறகு புது வாசலில் தண்ணீர் தெளித்தாள். சோலைமுத்து ஊராட்சித் தலைவியிடம் சொல்லிவிட்டு வரப் போனான்.

தலைவி சிவனம்மாள் அப்போது தன் மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுத்துக்கொண்டிருந்தாள். “மதினி, வீடு நகந்துருச்சு” என்றான் சோலைமுத்து.

“எந்தப் பக்கம்?”

“கெழக்க.”

“அப்பச் சரி” என்று சொல்லிவிட்டு அவள் மிச்சமிருந்த பாத்தியையும் எடுத்து முடித்தாள். வெயில் ஏறுவதற்குள் பூ திண்டுக்கல் மார்க்கெட்டுக்குப் போயாக வேண்டும்.

அவள் பதறாததற்குக் காரணம் இருந்தது. இரண்டு வருடமாக அவளுக்கு அலுப்பைத் தவிர வேறெதற்கும் நேரமில்லை. பெண்களுக்கென்று ஒதுக்கிய ஊராட்சி என்பதால் 96 தேர்தலில் அவள் பேரைக் கொடுத்தவன் அவள் புருஷன் அழகர். நாற்காலியில் தானே உட்காரலாம் என்று நினைத்திருந்தான். கலெக்டர் ஆபீஸ் பெஞ்சில் மூன்று மாதம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, “இந்தா, நீயே போயிட்டு வா, எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு” என்று மனுப் பையை அவளிடம் நீட்டினான். அதிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் நத்தம் ரோட்டில் பஸ் ஏறிப் போய் வந்தது அவள்தான். டீசலும் மண்ணெண்ணெயும் நிரம்பிய டேங்குகள் வீட்டுச் சுவர்களை உரசிக்கொண்டு நின்றன. கிணற்றுத் தண்ணீரில் வானவில் மிதந்தது, காக்கைகூட அதில் மூக்கை வைக்கவில்லை. வடித்த சோற்றில் லாரி வாசம் அடித்தது. ஊராட்சி தீர்மானம் போட்டது. ஒன்றிய அலுவலகம் கலெக்டரைப் பார்க்கச் சொன்னது. கலெக்டர் ஆபீஸ் தீயணைப்பு நிலையத்தைப் பார்க்கச் சொன்னது. அவர்கள் லைசென்ஸ் கொடுத்தது சென்னை என்றார்கள். சென்னையிலிருந்து வந்த பதில், ஒன்றிய அலுவலகம் மூலமாக விண்ணப்பிக்கச் சொன்னது.

அந்த வருடச் சித்திரையில், கிடங்கின் வாசலில் ஒரு லாரிக்குப் பற்றவைப்பு வேலை நடந்தபோது தெறித்த பொறி சோலைமுத்துவின் வைக்கோல் படப்பில் விழுந்தது. மாட்டை அவிழ்க்க ஓடிய அய்யம்மாளுக்கு இடது கை வெந்துபோனது. ஊரே மண்ணை வாரிப் போட்டு அணைத்த பிறகு தீயணைப்பு வண்டி வந்தது. கிடங்குக் கம்பெனி ஒரு போர்வையும் கொஞ்சம் ஆப்பிளும் கொடுத்தனுப்பியது. அதற்குப் பிறகு அந்தக் கை முழங்கையில் நிமிரவே இல்லை. ஐப்பசியில் வீடு நகர்ந்தது.

தை பிறப்பதற்குள் மற்ற வீடுகளும் நகர்ந்துவிட்டன. வெயில் வரவர மாடுகள் நிழலுக்குத் தள்ளிப் படுக்குமே, அப்படித்தான் போயின. முதலில் கிடங்கை ஒட்டியிருந்த ஓட்டு வீடுகள், அப்புறம் காரை வீடுகள், நடுவில் ஒருநாள் சிவனம்மாளின் வீடும் போனது. மாதா கோயில் மட்டும் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடியட்டும் என்று காத்திருந்து திங்களன்று வந்து சேர்ந்தது. மின்வாரிய லைன்மேன் முதல் மாதம் சத்தம் போட்டார். பிறகு அவரும் பழகிப்போய், கம்பத்துக்கும் வீட்டுக்கும் நடுவே கொஞ்சம் கூடுதலாகவே ஒயர் விட்டுக் கட்டினார்.

அளக்க அதிகாரிகள் வந்தது அதற்கு அடுத்த வருடம். கிடங்குச் சுவரிலிருந்து டேப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள், முதல் வீடு வருவதற்குள் டேப் இரண்டு முறை தீர்ந்தது. “சட்டம் கேக்குற தூரம் இருக்கேம்மா, எங்க விதிமீறல்?” என்று சிவனம்மாளிடம் கேட்டார் மூத்தவர்.

“வீடுகதான் சார் நகந்து வந்துருக்கு. அந்தா பாருங்க, அடுப்புக்கல்லு இன்னும் அங்கனதான் கெடக்கு.”

அவர் பார்த்தார். கரிபிடித்த அடுப்புக்கற்களும் துவைகற்களும் வெட்டவெளியில் வரிசையாகக் கிடந்தன. “நகந்தது நல்லதுதானேம்மா” என்று சொல்லி, புகார் முடிக்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சிவனம்மாளுக்குக் கோபம் வரவில்லை. வெயிலில் வந்தவர்களாயிற்றே என்று மோர் கொடுத்தாள்.

காலியாகக் கிடந்த நிலத்தைக் கம்பெனி குத்தகைக்குக் கேட்டு வாங்கியது. மதிலைத் தள்ளிக் கட்டி உள்ளே இன்னும் இரண்டு டேங்குகளை நட்டார்கள். டேங்க் நிரம்பிய மறுநாளே வீடுகள் மறுபடி கிளம்பின. சிவனம்மாள் மறுபடி மனு எழுதினாள், மறுபடி டேப் வந்தது, தூரம் சரியாக இருந்தது, காலி இடத்துக்கு மதில் வந்தது. 2001 தேர்தலில் அவளை எதிர்த்து யாரும் நிற்கவில்லை, அந்த மனுப் பையைத் தூக்க ஊரில் வேறு ஆளில்லை. மழை பொய்த்த வருடங்கள் அவை. 2003 கடைசியில் வீடுகள் மூன்றாம் முறை நகர்ந்து, வறண்டு வெடித்துக் கிடந்த கண்மாய்க்குள் இறங்கி நின்றன. அதற்கு மேல் கிழக்கே போக இடமில்லை, கண்மாய்க் கரையைத் தாண்டினால் சிறுமலை அடிவாரப் பாறைதான்.

நீர்நிலை ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் வந்தது. அதை வீடுவீடாகக் கொடுத்துக் கையெழுத்து வாங்கவேண்டியது தலைவியின் பொறுப்பு. அய்யம்மாள் நல்ல கையால் வாங்கிக்கொண்டு, “இன்னும் எங்கிட்டுக்கா போறது?” என்று கேட்டாள். சண்டைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். சிவனம்மாள் மிச்ச நோட்டீசுகளையும் கொடுத்து முடித்தாள். தன் வீட்டுக்குத் திரும்பி வந்து சுவரில் சாய்ந்தபோது முதுகு நனைந்தது. சுவர் வேர்த்திருந்தது. காதை வைத்துக் கேட்டாள். மேடேறி வந்த கிழட்டு மாடு மாதிரி அதற்கு மூச்சு வாங்கியது. அவள் உள்ளங்கையால் சுவரைத் தடவிக் கொடுத்தாள். “எனக்குந்தான் முடியல” என்றாள். அன்றைக்குச் சமைக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை மனுக் கொடுக்கவும் போகவில்லை.

2005 கார்த்திகையில் மழை வெளுத்து வாங்கியது. கண்மாய் நிறைந்தது. சனங்கள் பாய் தலையணையோடு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட, வீடுகள் இடுப்பளவுத் தண்ணீரில் மார்கழி முழுக்க நின்றன. தை மாதம், குடியரசு தினக் கிராம சபை பள்ளிக்கூட மைதானத்தில் கூடியது. ஐந்தாவது டேங்குக்கு ஊரின் சம்மதம் வாங்கக் கலெக்டர் ஆபீசிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். அவர் வாசித்தார், ஊர் கேட்டது. ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். எல்லோரும் சிவனம்மாளைப் பார்த்தார்கள். அவள் எழுந்தாள். பத்து வருடமாகச் சொன்னதைத்தான் சொல்லவேண்டும், ஆனால் அந்த வாக்கியத்தின் முதல் சொல்லே வாயில் வரவில்லை.

“வீடுக வருது” என்று பின்னாலிருந்து அய்யம்மாள் சொன்னாள்.

நண்பகல் வெயிலில், தண்ணீர் சொட்டச் சொட்ட, வீடுகள் கண்மாயைவிட்டு ஏறி வந்தன. அவசரமில்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மைதானத்தைக் கடந்தபோது அதிகாரி தன் நாற்காலியைக் கொஞ்சம் ஒதுக்கிப் போட்டுக்கொண்டார். அவை நேரே கிடங்குக்குப் போய், மதிலைச் சுற்றி இடுக்கில்லாமல் உட்கார்ந்தன. சிவனம்மாளின் வீடு கிடங்கின் கேட்டை அடைத்து, இரண்டு தூணுக்கும் நடுவே உட்கார்ந்தது. உள்ளே எண்ணெய் ஏற்றி நின்ற லாரி ஹாரன் அடித்தது.

அதிகாரி அவள் பக்கத்தில் வந்து, “தலைவரம்மா, உங்க வீட்டை மட்டுமாவது கொஞ்சம் தள்ளிப் போகச் சொல்லுங்க, லாரி வெளிய வரணும்” என்றார்.

“எட்டு வருசமா நடந்துருக்கு சார், அம்புட்டுத் தொலவு” என்றாள் சிவனம்மாள். “உக்காரட்டும்.”

அவர் டேப் எடுத்துவரச் சொன்னார். மதிலுக்கும் வீடுகளுக்கும் நடுவே டேப்பை நுழைக்க வழியில்லை. இடைவெளி இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். லைசென்ஸ் ரத்தானது. கூரைகளுக்கு மேலே குழாய் போட்டு எண்ணெயை இறைத்துத் தீர்க்கக் கம்பெனிக்குச் சித்திரை வரை ஆனது. எங்கே கொண்டுபோனார்கள் என்று ஊரில் யாரும் விசாரிக்கவில்லை.

வீடுகள் வந்து உட்கார்ந்த அன்றைக்கே மத்தியானம் சிவனம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வீட்டுக்குள் கிடந்த கண்மாய்ச் சேற்றை வழித்துக் கொட்டினாள். இரண்டு கெளுத்தி மீன்கள் கிடைத்தன, குழம்பு வைத்தாள். பங்குனியில் வீட்டு வரி போட வந்த எழுத்தர், வீடுகள் உட்கார்ந்திருந்த வரிசையிலேயே புதுக் கதவு எண்களை எழுதிவிட்டுப் போனார்.