மிஸ்அட்வென்சர்

விசாரணை அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் இரண்டு பக்கம். கணவரின் பெயர், வயது, லிஃப்ட் மெக்கானிக் என்ற வேலை, ஆறாவது மாடியிலிருந்து விழுந்தது, எல்லாம் அவளுக்குப் புரிந்தது. மரணத்தின் காரணம் என்று போட்டிருந்த கட்டத்துக்குள் ஒரே ஒரு சொல்தான் புரியவில்லை. மிஸ்அட்வென்சர்.

அட்வென்சர் தெரியும். சாகசம். அவள் வேலை பார்க்கும் தையல் கூடத்தில் குழந்தைகளின் பனியன்களில், மலைக்கும் கூடாரத்துக்கும் மேலே அந்தச் சொல்லை எத்தனையோ தடவை தைத்திருக்கிறாள். அவருக்கும் சாகசத்துக்கும் என்ன சம்பந்தம்? தெருவைக் கடக்க அவள் முழங்கையைப் பிடித்துக்கொள்கிற மனுஷன். காஸை மூடினோமா என்று பாதிப் படிக்கட்டிலிருந்து திரும்பி வருகிறவர். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நான்கு மாதத்தில் முதல் தடவையாக. “இத கேட்டீங்களா” என்று சமையலறைப் பக்கம் திரும்பியும் விட்டாள். மேடையில் ஒரு தட்டும் ஒரு டம்ளரும் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அதற்கப்புறம் அந்தக் காகிதத்தை மடிக்கக்கூடக் கை வரவில்லை.

மறுநாள் அரை நாள் லீவு சொல்லிவிட்டு விசாரணை அலுவலகத்துக்குப் போனாள். கவுண்டரில் இருந்த குமாஸ்தா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.

“கெட்ட நேரம்னு வெச்சுக்குங்கம்மா. தப்பான காரியம் எதுவும் செய்யல. செய்யுற வேலையில எதிர்பாராம உயிர் போயிடுச்சு.”

“அப்போ தப்பு யாரு மேல?”

“யாரு மேலயும் இல்ல. அதுக்குத்தான் அந்த வார்த்தை.” படிவத்தை அவள் பக்கம் தள்ளினார். “ஏத்துக்கிறீங்கன்னா இங்க ஒரு கையெழுத்து. ஃபைல மூடிடலாம்.”

யார் மேலும் இல்லை. கேட்க இதமாகத்தான் இருந்தது. அந்த இதம்தான் அவளைப் பயமுறுத்தியது.

“சேஃப்டி பெல்ட்டு கொக்கி சரியா மாட்டலன்னு சூப்பர்வைசர்கிட்ட சொல்லியிருக்காரு.”

“எழுதிக் குடுத்தாரா?”

“இல்ல.”

“வாயால சொன்னதுக்கு சாட்சி வேணுமேம்மா.”

கணவர் எழுதத்தான் உட்கார்ந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேஜையில், தாளும் பேனாவுமாக. “புகார் எழுதிக் குடுத்துடவா?” என்று அவளைக் கேட்டார். “ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம் இருக்கு, உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு” என்றாள். அவள் பேச்சைத் தட்டாதவர். பேனாவை மூடிவிட்டு வெங்காயம் உரிக்க வந்துவிட்டார். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லவும் யாரும் இல்லை.

கையெழுத்துப் போட்டால் சூப்பர்வைசர் தப்பித்துவிடுவார். அவளும்தான்.

“சாட்சி இருக்கு” என்றாள்.

“யாரு?”

“நான்தான். அவர் எழுத உக்காந்தாரு. வேண்டாம்னு தடுத்ததும் நான்தான்.”

குமாஸ்தா கண்ணாடியை இறக்கிக்கொண்டு அவளைப் பார்த்தார். குரலைத் தணித்தார். “இத சொன்னீங்கன்னா மறுபடி விசாரணை வரும். அவங்க வக்கீல் அத்தனை பேர் முன்னாடியும் உங்களத்தான் போட்டுக் குடைவாரு.”

“குடையட்டும். ஒரு வெள்ளைத்தாள் குடுங்க.”

ஜன்னலோரம் இரண்டு பேர் உட்காரக்கூடிய பெஞ்சு கிடந்தது. போய் உட்கார்ந்து, தேதியைப் போட்டு, எழுத ஆரம்பித்தாள். வரிசையில் நின்று கால் கடுத்த ஒருவர் பக்கத்தில் வந்து தயங்கினார்.

“இங்க யாராவது வர்றாங்களா?”

அப்போதுதான் கவனித்தாள். பழக்கதோஷத்தில் சுவரை ஒட்டி ஒடுங்கி உட்கார்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் இடம் விட்டிருந்தாள். பேனா தாளில் நின்ற இடத்தில் மை ஊறிப் பரவிக்கொண்டிருந்தது.

“இல்ல” என்றாள். “உக்காருங்க.”