வாயடைத்த டிவி

எங்கள் வீட்டு டிவிக்கு வாய் கிடையாது. வாங்கும்போது இருந்தது. என் வீட்டுக்காரர் கரீம் ஓசூர் சிப்காட்டில் நைட் ஷிப்டுக்கு மாறியதும் அடைத்துவிட்டோம். ஒரே அறை வீடு; பகலெல்லாம் அவர் தூங்கவேண்டும். நானும் ஐந்து வயது மகள் ஜைபாவும் சத்தமில்லாமல் படத்தை மட்டும் பார்ப்போம்.

அவருக்கு மகள்மேல் மனக்குறை. சாயங்காலம் எழுந்து உட்கார்ந்தால் பிள்ளை ஓடிவந்து கட்டிக்கொள்ள வேண்டுமாம். அவளோ டிவி முன்னாலிருந்து அசையமாட்டாள். பெற்றவன் நானா, அந்தப் பெட்டியா என்று என்மேல் பாய்வார். இவர் மட்டும் யோக்கியமா? கண் விழித்ததும் போன், டீ குடிக்கும்போது போன், அப்புறம் குளித்துவிட்டுக் கம்பெனி பஸ்ஸுக்கு ஓட்டம். இந்த மகராசன் பிள்ளையைக் குறை சொல்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சட்னியோடு சேர்த்து அரைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை லீவு. டிவியைக் காவேரிப்பட்டினத்தில் தங்கச்சி வீட்டில் போட்டுவிட்டு வருகிறேன் என்று போர்வையும் கயிறுமாக வந்து நின்றார். இனிமேலாவது மகள் தன்னிடம் வருவாளாம்.

ஜைபா அவரைப் பார்க்கவில்லை. ஏதோ சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் இல்லாததால் வசனமெல்லாம் இவள்தான் பேசுவாள். பட்டுப்புடவைக்காரி ஒருத்தி கையை ஆட்டி ஆட்டிச் சண்டை போட்டாள். அவளுக்காக ஜைபா கிசுகிசுத்தாள்.

"மெல்லப் பேசுங்க. அத்தா தூங்குறாரு."

எதிரே நின்ற மீசைக்காரனும் கிசுகிசுத்தான், தட்டைச் சத்தம் வராமல் கழுவச் சொல்லி. நடுவில் வந்த சோப்பு விளம்பரக்காரிக்கும் அதே கவலைதான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. திரும்பிப் பார்த்தால் இவர் கண் கலங்கி நிற்கிறார். பாவமாகப் போய்விட்டது.

கயிற்றைப் போட்டுவிட்டு ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார். ஜைபா பதறிப்போய் வாயில் விரல் வைத்தாள்.

"அத்தா முழிச்சிட்டுத்தானே இருக்கேன் கண்ணு. நீ சத்தமாவே பாரு."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். நம்பிக்கை வரவில்லைபோல, கன்னத்தைக் கிள்ளியும் பார்த்தாள்.

"அப்ப டிவி எதுக்கு?"

தானே அதை அணைத்தாள். அவர் மடியில் ஏறி உட்கார்ந்து பள்ளிக்கூடத்துக் கதைகளைச் சொல்ல ஆரம்பித்தாள். அந்தச் சின்ன வாயிலிருந்து அத்தனை பெரிய குரல் வரும் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.