ஒகோலாவின் குறட்டை

உங்கள் ஊரில் கல்லறை எதுவும் குறட்டை விட்டிருக்கிறதா? எங்கள் ஊரில், விக்டோரியா ஏரியின் கென்யக் கரையில், ஒகோலாவின் கல்லறை ஆறு வருஷமாகக் குறட்டை விடுகிறது. காலை எட்டு மணிக்குத் தொடங்கி, மதியக் களி வேகும் நேரத்துக்கு நிற்கும். இரவெல்லாம் பொடிமீன் பிடித்துத் திரும்பும் ஒகோலா எப்போதும் அந்த நேரத்தில்தான் தூங்குவான்.

அவன் படகு கவிழ்ந்தபடி கரை ஒதுங்கியது. அவன் ஒதுங்கவில்லை. ஏரி உடலைத் தராவிட்டால் அதற்குப் பதில் யாகோ மரத்துக் காயைப் புதைப்பது எங்கள் வழக்கம். கை நீளத்துக்கு, ஒரு வயசுக் குழந்தை கனத்துக்கு இருக்கும். அண்ணன் ஒபுரா அதற்கு ஒகோலாவின் சட்டையைச் சுற்றி, வீட்டின் வலப்பக்கம் குழியில் இறக்கினார். காளை வெட்டினார்கள். மனைவி அகேயோ தலையை மழித்துக்கொண்டு அந்தக் காய்க்காக அழுதாள். மூன்றாம் நாள் காலை குறட்டை கேட்டது. பக்கத்து வீட்டில் ஆடுகளை இடம் மாற்றிக் கட்டினார்கள்.

அகேயோவுக்கு அது போதுமாக இருந்தது. தினமும் கல்லறை ஓரம் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். கல்யாணமான வாரம் அவள் தொண்டையில் மீன் முள் சிக்கியது. அதன்பின் பதினெட்டு வருஷம் ஒகோலா சதையை விரலால் நசுக்கிப் பார்த்துத்தான் அவள் தட்டில் வைத்தான். "உனக்கு முள்ளு நான் ஒருத்தன் போதும்டி" என்பான். அவன் போனபின் அவள் மீனையே விட்டாள். வேறு ஆண் துணை வேண்டாமா என்று பெரியவர்கள் கேட்டபோது, "சத்தம் போடாதீங்க, தூங்குறாரு" என்றாள்.

ஆறாம் வருஷம், மீன் விற்கும் ரோசலியா ஒரு தீவுக்குப் போய்த் திரும்பினாள். "அக்கா, அங்க ஒருத்தன் பொண்டாட்டிக்கு முள்ளெடுத்துக் குடுக்குறான். ஊரே சிரிக்குது. சொந்தப் படகக் கவுத்துத் தள்ளிட்டு அவகிட்ட வந்தவனாம். ஆனா வந்த நாள்லேர்ந்து பொட்டுத் தூக்கம் கிடையாதாம்."

அகேயோ கீரையைக் கீழே வைத்தாள்.

அடுத்த நடையில் ரோசலியா அங்கே எங்கள் கல்லறையைப் பற்றியும் சொல்லிவிட்டாள். அந்த வாரமே ஒகோலா வந்தான். கண் சிவந்து, ஆள் பாதியாகியிருந்தான். ஒபுரா அவனை வேலிக்கு வெளியே நிறுத்தினார்.

"உன்னப் பொதச்சாச்சு தம்பி. காளையும் தின்னாச்சு. உள்ள விட முடியாது."

"உள்ள வரலண்ணே. அந்தக் காயத் தோண்டிக் குடுங்க. என் தூக்கம் அதுலதான் இருக்கு."

அகேயோ வேலியருகே வந்தாள். "அவளுக்கும் முள்ளெடுத்துக் குடுக்குறியா?"

ஒகோலா தன் விரல்களைப் பார்த்தான். "அது கைப்பழக்கம் அகேயோ."

அவள் கல்லறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "எம் புருஷன் இங்க தூங்குறாரு. எழுப்ப மாட்டேன். நீ யாரோ, போ" என்றாள்.

மாலையில் அவன் படகேறினான்.

மறுநாள் காலை அகேயோ இரண்டு மூட்டை சிமெண்ட் வாங்கிவந்து கல்லறையின் மேல் பூசினாள். அது காயும்வரை பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வறுத்த மீனைத் தின்றாள். முள்ளை அவளே எடுத்தாள். அடுத்த நாள் எட்டு மணிக்குக் குறட்டை தொடங்கியது. சத்தம் கொஞ்சம் குறைந்திருந்தது.