ராஜாக்கள் திரும்பக் கேட்ட குதிரைகள்

ஜனவரி ஏழாம் தேதி காலையில், பண்டிகைக்கு விற்றது போக மிஞ்சியதை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது, நெல்சி கன்ச்சேயின் கையிலிருந்து ஒரு குதிரை நழுவிக் கீழே விழுந்தது. பிளாஸ்டிக் குதிரைதான், ஒரு சாண் நீளம். வாலை இழுத்தால் கனைக்கும், கண் இரண்டும் சிவப்பாக மினுங்கும். விழுந்த வேகத்தில் முதுகிலிருந்த சேணம் கழன்று, உள்ளேயிருந்து இரண்டு வெள்ளி வட்டுகள் உருண்டு அலமாரிக்கு அடியில் போய்விட்டன. நெல்சி மண்டி போட்டு, துடைப்பத்தை விட்டுத் துழாவி எடுத்தாள். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய பேட்டரிகள். சேணத்தைத் திரும்பப் பொருத்தினாள். நகம் பட்டதுமே திறந்துகொண்டது. மூடியில் திருகாணிக்கு ஓட்டை இருந்தது, திருகாணி இல்லை. மிச்சமிருந்த மற்ற இரண்டு குதிரைகளையும் திறந்து பார்த்தாள். அவற்றிலும் ஓட்டை மட்டும்தான்.

சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தம் பார்க்கக் காத்திருக்கும்போதெல்லாம் எதிர்ச் சுவரில் ஒரு படத்தைப் பார்த்திருக்கிறாள்: குழந்தையின் தொண்டைக்குள் ஒரு வட்டு, அதைச் சுற்றிக் கருகிய சதை. இரண்டு மணி நேரத்தில் ஓட்டை விழும் என்று கீழே எழுதியிருக்கும். எத்தனையோ தடவை படித்து, ஐயோ பாவம் யார் பெற்ற பிள்ளையோ என்று நினைத்து, தன் முறை வந்ததும் எழுந்து போயிருக்கிறாள்.

பெட்டியைத் திருப்பினாள். பின்பக்கம் ஸ்பானிய மொழியில் வெள்ளை ஸ்டிக்கர்: இறக்குமதி செய்தவர் இன்னார், எல்லா வயதினருக்கும் ஏற்றது. ஒட்டியவள் அவளேதான். வெளிநாட்டுப் பொம்மையென்றால் நம் மொழியில் சீட்டு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதிகாரி வந்து அள்ளிக்கொண்டு போய்விடுவான். அதனால் மெரிதா நகரத்து மொத்த வியாபாரி டோன் எஃப்ராயின் சரக்கோடு சீட்டுச் சுருள் ஒன்றையும் சேர்த்தே அனுப்புவார். பொம்மைக்கும் ஒரே சீட்டு, காருக்கும் ஒரே சீட்டு, குதிரைக்கும் அதே சீட்டு. டிசம்பர் மாதம் முழுக்க, தொலைக்காட்சித் தொடரில் கதாநாயகி அழுதுகொண்டிருக்க, நெல்சி மடியில் பெட்டியை வைத்து ஒட்டித் தள்ளினாள். கோணாமல் ஒட்டுவதில் அவளுக்கு ஒரு பெருமை வேறு. இப்போது அந்தச் சீட்டின் ஓரத்தை நகத்தால் கிளப்பி உரித்தாள். அடியில் புரியாத எழுத்து; அதற்குப் பக்கத்தில், எந்த நாட்டுக்காரனுக்கும் புரிகிற மாதிரி, ஒரு குழந்தை முகமும் அதன் குறுக்கே ஒரு கோடும்.

மெரிதாவுக்கு போன் போட்டாள்.

"அப்படியா டோன்யா நெல்சி," என்றார் டோன் எஃப்ராயின், சாவகாசமாக. "மூடி கழண்டா ஒரு டேப் சுத்தி வில்லுங்க."

"இருபத்தொண்ணு வித்தாச்சு டோன் எஃப்ராயின். எல்லா வயசுக்கும்னு சீட்டு ஒட்டி வித்திருக்கேன்."

"ஒட்டினது யாரு?"

"நான்தான். சீட்டு குடுத்தது நீங்க."

"நான் சுருளைக் குடுத்தேன். எதுல எதை ஒட்டணும்னு நானா சொன்னேன்? இறக்குமதி பண்ணவங்க நம்பர் அதுலயே இருக்கு பாருங்க, அவங்கள கேளுங்க. நான் நடுவுல இருக்கிறவன்."

சீட்டிலிருந்த எண்ணுக்கு அடித்தாள். அப்படி ஓர் எண்ணே கிடையாது என்று ஒரு பெண் குரல் இனிமையாகச் சொன்னது. செய்தவன் கடல் தாண்டி இருக்கிறான், கொண்டுவந்தவன் ஆளே இல்லை, நடுவில் இருக்கிறவர் நடுவிலேயே இருக்கிறார். கடைசியில் நின்றது நெல்சியும் ஒரு கிழிந்த சீட்டும். அவளுக்கு டோன் எஃப்ராயின் மேல் கோபம் வந்தது. அவர் சொன்னதில் பாதி நியாயம் என்று தோன்றியதும் அந்தக் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

சரி, வாங்கியவர்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்றால், அங்கேதான் வந்தது வினை. திசிமீன் ஊருக்கே காவல், தொழுவத்தில் பிறந்த பாலனைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்கள். ஆறாம் தேதி விடிகாலையில் பிள்ளைகளின் செருப்புக்குப் பக்கத்தில் பொம்மை வைத்துவிட்டுப் போவது அவர்கள்தான், கடைக்காரர்கள் இல்லை. அதனால் பண்டிகை மாதத்தில் நெல்சி கடைப் பெயர் போட்ட பையில் எதையும் கொடுக்க மாட்டாள். ரசீது கிடையாது, விலைச்சீட்டைக் கிழித்துவிடுவாள், யார் எதை வாங்கினார்கள் என்று மூச்சு விட மாட்டாள். அப்பாவுக்குத் தெரியாமல் அம்மாவும், அம்மாவுக்குத் தெரியாமல் அத்தையும் அவளை நம்பி வருவார்கள். நெல்சியின் வாய் இரும்புப் பெட்டி என்று ஊரில் பெயர். அந்த நல்ல பெயரை வைத்துக்கொண்டு இப்போது என்ன செய்வது? இருபத்தொன்றில் அவளுக்கு ஞாபகம் இருந்தது ஐந்து முகம்தான். மற்றதெல்லாம் பண்டிகைக்கு வெளியூரிலிருந்து வந்த கூட்டத்தில் கலந்துபோன முகங்கள்.

தெரிந்த ஐந்தில் முதல் ஆள் லாண்டி. அவள் மகன் யாயிருக்கு நெல்சிதான் ஞானஸ்நானத் தாய்; அந்த உறவில் இருவரும் ஒருவருக்கொருவர் கொமாத்ரே. கடையைப் பூட்டிவிட்டு அங்கே ஓடினாள். பையன் முற்றத்து வலை ஊஞ்சலில் குதிரையை அணைத்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தான். லாண்டியை அடுப்படிக்கு இழுத்துப் போய் விஷயத்தைச் சொன்னாள்.

"மெதுவா பேசு கொமாத்ரே," என்றாள் லாண்டி. "காது பாம்புக் காது அவனுக்கு. ராஜா மெல்ச்சோர் வச்சிட்டுப் போனார்னு தெரு பூரா சொல்லிட்டு வந்திருக்கான். இப்ப கடைக்காரி வந்து பிடுங்கிட்டுப் போனா நான் என்ன சொல்றது?"

"உயிருக்கு ஆபத்துடி."

"அப்ப மைக்கு வண்டி வச்சு ஊருக்கே சொல்லு. அதான மொறை?" லாண்டி அவளை உற்றுப் பார்த்தாள். "பிள்ளைங்க மனசு நோகக்கூடாதுன்னு பாக்கிறியா, இல்ல உன் கடைப் பேரு கெடக்கூடாதுன்னு பாக்கிறியா?"

இரண்டும்தான் என்று சொல்லலாம். ஆனால் எது முன்னால், எது பின்னால் என்று நெல்சிக்கே பிடிபடவில்லை.

அதற்குள் யாயிர் அடுப்படி வாசலில் வந்து நின்றான். கையில் குதிரை, மற்ற கையில் சேணம்.

"ஞானம்மா, இது கழண்டு கழண்டு வருது. ராஜா திட்டுவாரா?"

இரண்டு பேட்டரியும் உள்ளேயே இருந்தன. நெல்சி அவற்றை எடுத்து சால்வை முனையில் முடிந்துகொண்டாள். "திட்ட மாட்டார்டா. வழியில தளந்திருக்கும். எங்கிட்ட குடு, இறுக்கித் தரச் சொல்லியிருக்கார்," என்றாள். வாயிலிருந்து தானாக வந்த பேச்சு. சொல்லி முடித்ததும் அவளுக்கே வழி தெரிந்த மாதிரி இருந்தது.

ஒலிபெருக்கி வண்டி வைத்திருக்கும் வில்பெர்த், சாவுச் செய்தி முதல் பன்றிக்கறி விற்பனை வரை ஊருக்குச் சொல்லுகிறவன். நெல்சி முதலில் உள்ளதை உள்ளபடியே சொன்னாள். அவன் ஒலிவாங்கியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"குதிரையை வித்தது நெல்சி கடைன்னு நான் தெருத்தெருவா கத்தணும். அதுவும் இந்த ஊர்ல, ஏழாந்தேதி. கல்லால அடிப்பாங்க டோன்யா. மொதல்ல என் பொண்ணே அடிப்பா."

"அப்ப இப்படிச் சொல்லு," என்று நெல்சி எழுதிக் கொடுத்தாள்.

மதியத்துக்குள் வண்டி கிளம்பிவிட்டது. "கவனியுங்க, கவனியுங்க. மூணு ராஜாக்கள்கிட்டேர்ந்து சேதி வந்திருக்கு. சிவப்புக் கண் குதிரைங்களுக்கெல்லாம் சேணம் தளந்து போச்சாம். எல்லாக் குதிரையையும் உடனே டோன்யா நெல்சி கடைக்குக் கூட்டிட்டு வரணுமாம். அம்மா அப்பா கட்டாயம் கூட வரணும்."

வந்தார்கள். கடை வாசலில் திருவிழா மாதிரிக் கூட்டம். குதிரைக்குத் தொப்பி வைத்துக் கொண்டுவந்தது ஒரு பெண் குழந்தை. வழியில் பசிக்குமே என்று புல்லும் சேர்த்துக் கொண்டுவந்தான் இன்னொருவன். நெல்சி கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, இரும்புக்கடையில் வாங்கிய சின்னத் திருகாணிகளை ஒவ்வொரு மூடியிலும் ஏற்றினாள். எந்தச் சீட்டை எதில் ஒட்டுவதென்று அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை; திருகாணி ஏற்றவும்தான் கற்றுக்கொடுக்கவில்லை. இது தாங்குமா தாங்காதா என்று யாரைக் கேட்பது? ஒவ்வொரு தாயின் காதிலும் "பேட்டரி பத்திரம், வாயில வைக்க விடாதீங்க," என்று முணுமுணுத்தாள். அவர்கள் கண் சிமிட்டினார்கள். எப்படித்தான் உங்களுக்கு இப்படியெல்லாம் தோணுது டோன்யா, என்று தோளைத் தட்டினார்கள். ஒருத்தி கைபேசியில் படம்கூடப் பிடித்தாள். அவளைத் திட்ட வேண்டியவர்கள் எல்லாரும் அவளைக் கொண்டாடினார்கள், அவளும் பேசாமல் அதை வாங்கிக்கொண்டாள். நடுவில் ஒருமுறை, நல்ல காரியம்தான் செய்கிறோம் என்றுகூட அவளுக்குத் தோன்றியது. வெட்கக்கேடு.

மூன்று மணி வாக்கில் பதினாறு குதிரைகள் ஆகியிருந்தன. பதினேழாவதைக் கொண்டுவந்தவள் பத்தொன்பது இருபது வயதுப் பெண், ஊர் எல்லைப் பண்ணையிலிருந்து மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்திருந்தாள். இடுப்பில் இரண்டு வயதுப் பையன்.

"இவன் குதிரைக்கு நேத்து சாயங்காலத்துலேர்ந்தே சத்தம் போச்சு டோன்யா," என்று சிரித்தாள். "ராஜாக்கிட்ட சொல்லி சேத்து சரி பண்ணிடுங்க."

நெல்சி சேணத்தைத் தூக்கினாள். ஒரு பேட்டரி இருந்தது. பக்கத்துக் குழி காலி.

"இன்னொண்ணு எங்க?"

"எது?"

"இது மாதிரி இன்னொண்ணு இருக்கும்மா. வெள்ளையா, வட்டமா."

"அதுவா. எங்கயாச்சும் விழுந்திருக்கும்." அந்தப் பெண் பையனை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். "இவனும் காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. பண்டிகையில கண்டதையும் தின்னு வயிறு கெட்டுப் போச்சு. பால் குடுத்தாலும் கக்கிடறான்."

நெல்சி எழுந்த வேகத்தில் திருகாணிப் பொட்டலம் தரையில் கொட்டியது.

"இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போ. எக்ஸ்ரே படம் எடுக்கச் சொல்லு, பேட்டரி முழுங்கியிருக்கலாம்னு சொல்லு."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். இதுவும் ராஜாக்கள் கதையில் ஒரு பகுதி என்று நினைத்தாள் போலிருக்கிறது. வரிசையில் இருந்த ஒன்றிரண்டு தாய்மார்களும் சிரித்தார்கள்.

"ஆஸ்பத்திரிக்கா, குதிரையையா டோன்யா?"

"குதிரைய இல்லடி, பிள்ளைய." நெல்சியின் குரல் அவளுக்கே யாருடையதோ போல இருந்தது. வாசலில் நின்ற அத்தனை பிள்ளைகளும் அவளைப் பார்த்தார்கள். "ராஜா ஒண்ணும் அனுப்பல. இது நான் வித்த குதிரை. நான்தான் வித்தேன். சின்னப் பிள்ளைக்குக் குடுக்கக்கூடாதுன்னு அட்டையில போட்டிருந்துச்சு, அது மேலயே நான் சீட்டு ஒட்டிட்டேன். உன் புருஷன் வண்டிய எடுக்கச் சொல்லு, நானும் வரேன்."

தொப்பி வைத்த குதிரையோடு நின்ற பெண் குழந்தை தன் அம்மாவை நிமிர்ந்து பார்த்தது. இளம் தாயின் முகத்தில் சிரிப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. அதை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தாள்.

நெல்சி கல்லாப்பெட்டியைச் சுற்றி வந்து, பையனின் தாடையைப் பிடித்து, "ஆ காட்டு ராசா," என்றாள். அவன் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, எவ்வளவு முடியுமோ அவ்வளவும் வாயைத் திறந்தான். பதினைந்தோ பதினாறோ பால் பற்கள், எச்சில் பளபளக்கும் நாக்கு, அதற்குப் பின்னால் இருட்டு. அவள் குனிந்து குனிந்து பார்த்தாள். போதும் என்று யாரும் சொல்லாததால், அவன் வாயை மூடவே இல்லை.