இடப்பக்கத்து சலாம்

தோஜிபாயின் பேரனுக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். கல்யாணத்தன்று ஆண்களுக்கென்று போடும் விடியற்காலைப் புலாவு விருந்துக்குத் தெருவில் ஓர் ஆண்பிள்ளை விடாமல் அழைப்பு போயிருந்தது, ஹாஷிம்ஜானைத் தவிர. உஸ்பெகிஸ்தானின் மர்கிலான் பட்டு ஆலையில் முப்பது வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் இருவரும்.

“எனக்கென்ன, என் வீட்டுல அடுப்பு இல்லையா?” என்றார் ஹாஷிம்ஜான். சொல்லிவிட்டு, மூன்றாம் முறையாக வாசற்கதவைத் திறந்து பார்த்தார்.

மூன்று வருஷத்துக்கு முன் அவர் வலது கையிலிருந்து தேநீர்க் கிண்ணம் தானாக நழுவி விழுந்தது. கழுத்தின் இடப்பக்க ரத்தக்குழாயில் முக்கால்வாசி அடைப்பு. தொடை வழியாக உள்ளே போய், கம்பிவலைக் குழாயான ஸ்டென்ட் வைத்தார்கள். ஊரில் ஓய்வுக்காகச் சானடோரியம் போய் வந்ததாகச் சொல்லிக்கொண்டார். வருஷா வருஷம் வரச் சொன்ன பரிசோதனைக்கு டிமிக்கி கொடுத்தார். கெட்ட சேதியை எதற்குத் தேடிப்போய் வாங்குவது என்பது அவர் கட்சி. இந்த வியாழக்கிழமை மனைவி சனோபர் கட்சியைக் கலைத்து, காரில் ஏற்றிவிட்டாள்.

“வலப்பக்கம் திரும்புங்க பெரியவரே,” என்றாள் டாக்டர் ஃபெரூசா. கருவியைக் கழுத்தில் வைத்துத் திரையைப் பார்த்தாள். “குழாய் நல்லாத் திறந்திருக்கு. ரத்தம் தாராளமாப் போகுது. இப்ப இடப்பக்கம் திரும்புங்க, அடுத்ததையும் பார்த்துடலாம்.”

ஹாஷிம்ஜான் திரும்பினார்: தோள், இடுப்பு, முழங்கால் எல்லாவற்றோடும்.

“கழுத்தை மட்டும் திருப்புங்க.”

“அது ஆகாதும்மா. இந்தப் பக்கந்தான் உள்ள கம்பி இருக்கே, மடங்கிட்டா?”

“யார் சொன்னா?”

“யாராச்சும் சொல்லணுமா? கம்பின்னா மடங்கும். முப்பது வருஷம் தறி ரிப்பேர் பார்த்தவன் நான்.”

“இது தறி இல்ல. கழுத்துன்னா திரும்பும்னு தெரிஞ்சுதான் வளையற மாதிரி செஞ்சிருக்காங்க. பெரிய ஆபத்தெல்லாம் முதல் மாசத்துல. அதைத் தாண்டிட்டீங்க. சிலருக்கு உள்ள மறுபடி சுருங்கும், அதுக்குத்தான் வருஷா வருஷம் வரச் சொல்றது. மாத்திரை?”

“தவறாமக் குடுக்கறேன்,” என்றாள் சனோபர்.

“கொழுப்பு?”

“ஆட்டு வால் கொழுப்பு வியாழக்கிழமை மட்டும்,” என்றார் அவர்.

“ஞாயிறும்,” என்றாள் மனைவி.

டாக்டர் சிரித்தாள். “வாசல்ல மூணு வருஷம் காவல் நின்னுட்டு, கொல்லைக் கதவைத் திறந்து போட்டிருக்கீங்க!”

சனோபர் மட்டும் சிரிக்கவில்லை. “அப்ப மசூதியிலயும் இப்படித்தானா? தொழுகை முடிச்சு, முகத்தை இடப்பக்கம் திருப்பி சலாம் சொல்லும்போது?”

“வாயால சொல்லிடுவேன். முகம் நேரா இருக்கும்.”

“உங்க இடப்பக்கம் யாரு உக்காருவா?”

“தோஜிபாய்,” என்றார் ஹாஷிம்ஜான். தோஜிபாய்க்கு எதிலும் அவசரம். சலாமை முதலில் முடித்துவிட்டு, தன் பக்கம் வரப்போகும் முகத்துக்காகக் காத்திருப்பான். மூன்று வருஷம், வெள்ளிக்கிழமை தவறாமல், வராத முகத்துக்காக.

“அந்த மனுஷன்கிட்ட ஸ்டென்டைப் பத்திச் சொல்லியிருக்கலாம்ல?” என்றாள் சனோபர்.

“சொன்னா விடுவானா? கழுத்துல கோழிக்கூண்டுன்னு ஊரெல்லாம் பேர் வச்சிருப்பான்.”

மறுநாள் தொழுகை முடிவில் ஹாஷிம்ஜான் வலப்பக்கம் சலாம் சொன்னார். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தை இடப்பக்கம் திருப்பினார். கழுத்து பழைய கதவு போல நறநறத்தது. ஆனால் போனது, தோள் வரைக்கும் போனது. அங்கே தோஜிபாய் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

செருப்பு மாட்டும் இடத்தில் வந்து பிடித்துக்கொண்டான். “என்ன துரை, இன்னிக்குத்தான் நான் கண்ணுல பட்டேனா?”

ஹாஷிம்ஜான் எல்லாவற்றையும் சொன்னார். தோஜிபாய் அவர் கழுத்தையே வெறித்துப் பார்த்தான்.

“அடப்பாவி! மண்டைக்கனம் ஏறிருச்சுன்னு நெனச்சேன். உள்ள கோழிக்கூண்டா இருக்கு?”

“தெரியும்டா, நீ இதையே சொல்லுவேன்னு.”

“ஞாயித்துக்கிழமை விடியக்காலம் கூண்டோட வந்து சேரு.”

ஞாயிற்றுக்கிழமை முதல் வரிசையில் இடம் கிடைத்தது. புலாவின் மேல் வெள்ளை வெளேரென்ற வால் கொழுப்பை வைத்து, தோஜிபாய் தானே தட்டைக் கொண்டுவந்தான். ஹாஷிம்ஜான் அதை ஒரு கணம் ஏக்கமாகப் பார்த்தார். பிறகு வேண்டாமென்று தலையாட்டினார்: வலது தோள் வரை, இடது தோள் வரை, மறுபடியும் இடது தோள் வரை.

“போதும்டா,” என்றான் தோஜிபாய், கொழுப்பைத் தன் வாயில் போட்டுக்கொண்டே. “திரும்புதுன்னு நம்பிட்டேன்.”